அவருக்கு பக்தி கிடையாது

மருத்துவமனையில் அவளுக்குத் துணியறை அக்கா என்று பெயர். லிஃப்ட் இயக்குபவர் முதல் பெரிய டாக்டர் வரை, அவளைவிட மூத்தவர்கள்கூட, அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். படிக்கட்டுக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மூன்று பக்கமும் இரும்பு அலமாரி, நடுவில் நீள மேசை. சலவையிலிருந்து வரும் விரிப்புகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, கிழிந்ததைத் தனியே போட்டு, நல்லதை மடித்து அடுக்குவது அவள் வேலை. முப்பத்தொரு வருஷம் அதைச் செய்து ஓய்வு பெற்றாள்.

ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் அழியாத மையில் வார்டின் பெயர் இருக்கும். பிரசவ வார்டில் விரிப்பு தீர்ந்துபோய், எலும்பு வார்டுடையதைத் தரச் சொல்லி நர்ஸ் வந்து நின்றால், உடனே எடுத்துக் கொடுப்பாள். ஆனால் சீட்டில் ‘எலும்பு வார்டு விரிப்பு’ என்றே எழுதுவாள். அந்தச் சீட்டால் அடுத்த மாதம் மேற்பார்வையாளர் வந்து ஏன், எதற்கு என்று குடைவார். பிரசவ வார்டு என்று எழுதிவிட்டால் யாருக்கும் தலைவலி இல்லை. அவள் எழுத மாட்டாள். கொடுப்பது வேறு, பெயர் மாற்றுவது வேறு என்பது அவள் கட்சி. இதை நேர்மை என்று பாராட்டுவதற்கு முன் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு இது பெரும்பாலும் தொல்லையாகத்தான் இருந்தது.

அவளுக்குக் கடவுள்மீது பக்தி இருந்தது. வாரம் தவறாமல் பிரார்த்தனை மண்டபத்துக்குப் போவாள். அங்கே பாட்டுக்குழுவில் முப்பத்தெட்டு வருஷமாக இரண்டாவது வரிசையில் நின்று பாடுகிறாள். குரல் சுமார்தான், சுருதி விலகாது, அவ்வளவே. சின்ன நர்ஸுகள் அவளைப் பக்திப்பழம் என்று கேலி செய்வார்கள். “பழமா? இன்னும் காய்தான்டி” என்பாள். அது அடக்கத்துக்காகச் சொன்னது இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவள் கணவருக்கு அந்தப் பக்தி இல்லை. ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். எல்லோருக்கும் லேத்துக்காரர். கடவுளை எதிர்த்து மேடை ஏறியவரும் இல்லை, வீட்டில் வாதம் பண்ணுகிறவரும் இல்லை. கேட்டால், தனக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்பார். ஆனால் ஒவ்வொரு வாரமும் மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து மண்டப வாசலில் விட்டுவிட்டு, எதிரே பூட்டிய கடையின் படியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பார். மழை பெய்தால் செய்தித்தாள் தலைக்கு மேல் போகும். உள்ளே வந்து உட்காரச் சொல்லி எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு தடவைகூட அந்த வாசலைத் தாண்டவில்லை.

திரும்பும் வழியில் தினுசு மாறாமல் ஒரே கேள்வி கேட்பார்.

“இன்னைக்கு உங்க ஆளு என்ன சொன்னார்?”

“உங்களத்தான் விசாரிச்சார்.”

“என்னவாம்?”

“ஸ்டாண்ட ஒழுங்காப் போட்டு நிறுத்தச் சொன்னார்.”

இந்தப் பேச்சு இருபது வருஷம் அலுக்காமல் ஓடியது. ஒரே வீட்டில் ஒருவர் கும்பிட்டு ஒருவர் கும்பிடாமல் வாழ்வதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. ஒருவர் சோற்றில் மற்றவர் கை வைக்காமல் இருந்தார்கள். அதுவும் எல்லா நாளும் சுமுகமாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. மகன் பிறந்தபோது அவனை மண்டபத்துக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று மூன்று மாதம் பேச்சில்லாமல் கிடந்தார்கள். கடைசியில் மகனே வளர்ந்து, ஒரு வாரம் உள்ளேயும் மறுவாரம் கடைப்படியிலும் உட்கார்ந்து, அதைத் தீர்த்து வைத்தான்.

அக்கா ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் லேத்துக்காரருக்கு இதயம் வீங்கிப்போனது. அவள் வேலை பார்த்த அதே மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்தார். முதல் நாளே, அவள் கட்டில் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க ஒன்று சொன்னார். “நீ பண்றத பண்ணு. என் பேரை மட்டும் அதுல சேர்க்காதே.”

சரி என்றாள். அந்த மூன்று வாரமும் அந்த வார்டில் இருந்த முப்பது பேருக்காகவும் மனசுக்குள் வேண்டினாள், கட்டில் எண் பதினொன்றை விட்டுவிட்டு. அது எவ்வளவு கஷ்டம் என்பதை நம்பிக்கை உள்ளவர்கள்தான் அறிவார்கள். மூழ்குகிறவனுக்குக் கயிறு போடத் தெரிந்தும், அவன் கேட்டுக்கொண்டதால் கையைக் கட்டிக்கொண்டு கரையில் நிற்பது போன்றது. நின்றாள். அவர் இறந்துபோனார்.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மண்டபத்தின் வெளிப்புறச் சுவரில் ஐந்து வரிசையாகக் கருங்கல் பலகைகள் பதித்திருக்கிறார்கள். இறந்துபோன உறுப்பினர்களின் நினைவுப் பலகைகள். மண்டபத்தில் இருபத்தைந்து வருஷம் ஏதாவதொரு ஊழியம் செய்தவர்களுக்கு அங்கே இரண்டு இடம் ஒதுக்குவார்கள். ஒன்று அவருக்கு, ஒன்று அவர் துணைக்கு. அக்காவுக்கு மூன்றாவது வரிசையில் பதினேழும் பதினெட்டும் கிடைத்திருந்தன. நின்றால் கண்ணுக்கு நேராக வரும் உயரம். கிடைத்த அன்று லேத்துக்காரரைத் தெருவிலிருந்தே எட்டிப் பார்க்கச் சொல்லிக் காட்டினாள். உயிரோடு இருக்கும்போதே வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாயே என்று அவர் சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் பக்கத்தில் தன் பெயர் இருப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அவளுக்கோ, அந்த இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப்போகிறது என்பது வயதாக ஆகப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்தச் சுவரில் உள்ள பலகைகள் எல்லாவற்றுக்கும் முதல் வரி ஒன்றுதான். ‘பக்தியோடு வாழ்ந்து மறைந்த’ என்று இருக்கும். அதன்கீழே பெயர், பிறகு தேதிகள். மண்டபத்துக்கான பலகை, அழைப்பிதழ், நினைவு அட்டை எல்லாவற்றையும் ஒரே டிடிபி கடைப் பெண்தான் வடிவமைப்பாள். அவள் கம்ப்யூட்டரில் இதற்கென்று ஒரு ஃபைல் இருந்தது. முதல் வரியை யாரும் தெரியாமல் கலைத்துவிடக்கூடாது என்று அதை நகராதபடி பூட்டி வைத்திருந்தாள். இறந்தவர் மாறும்போது பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும். பதினைந்து நிமிஷ வேலை. துக்க வீட்டுக்காரர்கள் அலைய வேண்டியதில்லை என்பதால் அது நல்ல ஏற்பாடாகவே பட்டது.

நினைவுக் கூட்டத்தன்று நாற்காலிக்கு ஒன்றாக அட்டை வைத்திருந்தார்கள். அக்கா தன் அட்டையைக் கையில் எடுக்கும்போதே பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது. லேத்துக்காரரோடு முப்பது வருஷம் அடுத்த மெஷினில் நின்ற பட்டறைக்காரர். அட்டையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கினார். “நம்ம ஆளா இது?” என்று பக்கத்தில் கேட்டார். நான்கு பேர் திரும்பி முறைத்தார்கள். அக்கா முறைக்கவில்லை. அவள் அட்டையைப் படித்தாள். முதல் வரி அதேதான். மொத்தக் கூட்டத்திலும் அதைப் படித்தது அந்த ஒருவர்தான் என்று அவளுக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகனைச் சமையலறை மேசையில் உட்காரவைத்து அட்டையை முன்னால் போட்டாள். மகன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவன். எதற்கும் பதறாத சுபாவம்.

“இத நீ பாத்தியா?”

“அது எல்லாருக்கும் வர்றதும்மா. அந்தப் பொண்ணு ஃபைல்ல அப்படித்தான் இருக்கு.”

“பாத்தியா இல்லையா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டு விட்டியா?”

“வார்த்தைதானேம்மா.”

மகனுக்கு அவன் நியாயம் இருந்தது. அந்த வரி இல்லாமல் பலகையை மண்டபம் ஏற்காது. பலகை இல்லாவிட்டால் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க முடியாது. அப்பாவே இருந்திருந்தால், போட்டுத் தொலை என்று சிரித்திருப்பார். ஒரு வார்த்தைக்காக இரண்டு பேரைப் பிரிப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டான். மறுநாள் காலை பலகையை வெட்டக் கொடுக்கவேண்டிய நாள். அவன் எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பி டிடிபி கடைக்குப் போனாள்.

டிடிபி பெண் அக்காவை உட்காரவைத்து, பூட்டைத் திறந்து, அந்த வரியை அழித்துக் காட்டினாள். அழிப்பது பெரிய காரியம் இல்லை. மண்டபத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதுதான் பிரச்சினை என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, அக்காவைச் சமாதானப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தாள். மழையிலும் வெயிலிலும் வெளியே உட்கார்ந்திருந்தாரே, உள்ளே உட்கார்ந்திருந்த எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை உண்டு?

“அதுதான்க்கா நிஜமான பக்தி. அப்படி நெனச்சுக்குங்க. அப்பப் பொய் இல்லல்ல?”

கேட்கிற யாருக்கும் இது பிடித்துப்போகும். படித்தவர்கள் இதையே இன்னும் நீட்டிச் சொல்வார்கள்: செய்யும் தொழிலில் பக்தி, தேச பக்தி, குரு பக்தி, மனிதரிடம் வைக்கும் பக்தி. எங்கெல்லாம் ஒருவர் தன்னை மறக்கிறாரோ அங்கெல்லாம் அந்த வார்த்தையை ஒட்டலாம். மேலதிகாரி முன்னால் கைகட்டி நிற்பதையும் பயபக்தி என்றுதான் சொல்கிறோம். இப்படி எல்லோருக்கும் எல்லா அளவிலும் பொருந்துகிற சட்டை, கடைசியில் யாருக்கும் தைத்ததாக இருப்பதில்லை.

அக்கா இவ்வளவு சுற்றவில்லை. “இல்லம்மா. அது அன்பு. அதுக்கு நல்ல பேரா ஒண்ணு ஏற்கெனவே இருக்கே, அது போதாதா?” என்றாள். பிறகு, “சில வாரம் அதுகூட இல்ல. வீட்ல தனியா உக்கார முடியாம வந்தார்” என்று சேர்த்துக்கொண்டாள்.

டிடிபி பெண் சிரித்துவிட்டாள். அப்படியானால் என்ன எழுதட்டும் என்று கேட்டாள். அக்கா சொல்லச் சொல்ல அடித்தாள். பெயருக்கும் தேதிக்கும் கீழே மூன்று வாக்கியம். ‘லேத் வேலை செய்தார். கடவுளை நம்பவில்லை. மனைவியை வாரந்தோறும் இந்த மண்டபத்துக்கு அழைத்து வந்தார்.’

அந்தத் தாளோடு அக்கா நேரே மண்டபச் செயலாளரிடம் போனாள். அவர் தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டுக்குழுவில் அவளுக்குப் பின்வரிசை. அக்காவைவிட நாலைந்து வயது சின்னவர். மேடைக்குப் பக்கத்தில் பழைய மைக்குகளும் மடக்கு நாற்காலிகளும் அடைந்த அறையில் உட்கார்ந்து, தாளை மூன்று தரம் படித்தார். முதல் வாக்கியத்தில் தவறில்லை என்றார். மூன்றாவது அழகாகவே இருக்கிறது என்றார்.

“நடுவுல இருக்கறத மட்டும் எடுத்துட்டா...”

“நடுவுல இருக்கறதுதான் தம்பி அவர்.”

செயலாளர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு இந்தக் குடும்பத்தைப் பிடிக்கும். அதனால் மனசைத் திறந்தே பேசினார். சுவரில் இருக்கிற பாதிப் பேருக்கு எவ்வளவு பக்தி இருந்தது என்று தனக்குத் தெரியும், யாரும் அளந்து பார்த்துப் போடுவதில்லை, அது ஒரு மரியாதை என்றார்.

“அப்ப அவங்களதையும் எடுத்துடுங்க” என்றாள் அக்கா.

அவர் கொஞ்சம் சூடானார். இத்தனை வருஷம் மண்டபத்தில் பாடுகிறவளுக்குத் தன் கணவரைக் கௌரவப்படுத்துவதில் என்ன கஷ்டம் என்று கேட்டார். “பதிபக்தின்னு ஒண்ணு இருக்கேக்கா. அதுவாவது வேணாமா?”

“அது எனக்கு என்னைக்கும் இருந்தது இல்ல. அவர் என் புருஷன். சண்டை போட்டேன், சோறு போட்டேன், கூட வாழ்ந்தேன். கும்பிடல. கும்பிடறவளுக்கு வித்தியாசம் தெரியும்.”

அக்கா எழுந்திருப்பாள் என்று செயலாளர் எதிர்பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. பேச்சைத் தொடர்ந்தாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை.

“முப்பத்தெட்டு வருஷமாப் பாடறேன். அதுல ஒரு நாலு தடவை, இல்ல அஞ்சு தடவை இருக்கும், நெஜமா அது வந்துது. எனக்குன்னு எதுவும் வேணும்னு தோணாம, பயம் இல்லாம, நான் பாடறேங்கறதே மறந்துபோய். மத்ததெல்லாம் தொண்டைதான். அந்த அஞ்சு தடவைக்காகத்தான் வாராவாரம் வர்றேன். எனக்கே அவ்வளவுதான் கிடைச்சுது. நீங்க அத ஃபைல்ல வச்சுப் போறவங்களுக்கெல்லாம் ஒட்டி அனுப்பறீங்க.”

“அக்கா, ஒரு மரியாதைக்கு...”

“அவர் சாகக்கிடந்தப்ப என் பேரை வேண்டுதல்ல சேர்க்காதன்னு கேட்டுக்கிட்டார். சேர்க்கல. மூணு வாரம் வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். உசுரோட இருந்தப்ப சேர்க்காத பேரை இப்பக் கல்லுல சேர்க்கச் சொல்றீங்க.”

செயலாளர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கமிட்டியில் வைக்கிறேன் என்றார்.

கமிட்டியில் ஏழு பேர். இரண்டு பேர் அவள் பக்கம் பேசினார்களாம். மற்றவர்கள், கடவுளை நம்பவில்லை என்ற வாக்கியத்தைக் கடவுள் வாசற்சுவரில் எப்படி வெட்டுவது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ‘நல்லுள்ளம் கொண்ட’ என்று போடலாமா, ‘பண்பாளர்’ என்று போடலாமா என்று ஒரு மணி நேரம் பேரம் நடந்தது. ஒவ்வொன்றையும் அவளுக்குப் போனில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள், அவர் கடவுளை நம்பவில்லை என்பதையும் கூடப் போடுவீர்களா என்று மட்டும் கேட்டாள். கடைசியில் முடிவு கடிதமாக வந்தது. வழக்கமான முதல் வரி இல்லாமல் பலகை பதிக்க இயலாது. அக்காவின் சொந்த இடமான பதினேழில் மாற்றம் இல்லை. பதினெட்டாம் இடம் தேவைப்படாதபட்சத்தில், காத்திருக்கும் வேறொரு குடும்பத்துக்கு ஒதுக்கப்படும்.

அன்று மகன் அவளை மன்னிக்கவில்லை. “கடைசில அப்பாவுக்கு ஒரு இடமும் இல்லாமப் பண்ணிட்ட” என்றான். அவன் குரல் உயரவில்லை, அதனால்தான் அது ஆழமாக இறங்கியது. அவள் சாயங்காலம் வரை மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள்மீது சொல்லக்கூடிய குறை ஒன்று உண்டென்றால் அது இதுதான்: உண்மைக்காக விட்டுக்கொடுத்தது அவளுடையது மட்டும் இல்லை, மகனுடையதும்தான். அவனை அவள் கேட்கவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அவனுக்குச் சோறு போடும்போது, “உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா மாத்த மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள். அவன் சாப்பிட்டான்.

அந்த மூன்று வாக்கியத்தோடு அக்கா தானே வெட்டக் கொடுத்த பலகையைப் பட்டறைக்காரர் வாங்கிக்கொண்டு போய், லேத்துக்காரரின் மெஷினுக்கு மேலே சுவரில் பதித்தார். அங்கே எண்ணெய்ப் புகை படிகிறது. யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

அடுத்த வாரம் பாட்டு முடிந்ததும் அக்கா செயலாளர் அறைக்குப் போனாள். இடம் ஒதுக்கியபோது கொடுத்த ரசீதை மேசைமேல் வைத்தாள். பதினேழு, பதினெட்டு இரண்டும் அவள் பெயரிலேயே இருந்தன.

“பதினெட்ட யாருக்கும் குடுக்கக்கூடாது.”

“வெச்சு என்ன பண்ணப்போறீங்கக்கா? அவர் பேரைத்தான் போட முடியாதே.”

“ஒண்ணும் பண்ணப்போறதில்ல. வெறுமனே இருக்கட்டும்.”

செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஒதுக்கிய இடத்தைத் திரும்ப வாங்க அதில் வழி இல்லை. வெறுமனே வைத்திருக்கக்கூடாது என்றும் எழுதவில்லை. அப்படி ஒருத்தி கேட்பாள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

இப்போது மூன்றாவது வரிசை நிறைந்துவிட்டது. இடமும் வலமும் பலகைகள், நடுவில் இரண்டு கட்டம் மட்டும் வெறும் சிமெண்ட். பதினேழு அவள் போனபின் நிறையும். பதினெட்டு நிறையாது. புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் நின்று பார்க்கிறார்கள். எழுதிய பலகைகளை யாரும் அவ்வளவு நேரம் பார்ப்பதில்லை. கமிட்டிக்கு அது உறுத்தலாகத்தான் இருக்கிறது. அந்த இடத்தை மறைக்கிற மாதிரி செயலாளர் இடுப்புயர ஸ்டாண்டு ஒன்றில் பெரிய குரோட்டன்ஸ் தொட்டியை வைத்தார்.

அக்கா வாரம் தவறாமல் வருகிறாள். பஸ்ஸில் வருகிறாள், சில வாரம் மகன் காரில் கொண்டுவந்து விடுகிறான். வந்ததும் முதலில் சுவர்ப் பக்கம் போய் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்து ஒரு முழம் இழுத்து வைக்கிறாள். அடுத்த வாரத்துக்குள் அது பழைய இடத்துக்குப் போயிருக்கும். போன மாதம் பாட்டுக்குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள். இழுத்து வைத்தபின், வெற்றுக் கட்டத்தைப் பார்த்து, இது யாருடைய இடம் என்று கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரரோடது.”

“பேரே போடலையேக்கா.”

“அவருக்கு பக்தி கிடையாதும்மா” என்றாள் அக்கா. கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பாட உள்ளே போனாள்.